முகம் பாராத சிநேகிதம்

ஒருவருடைய முகத்தை ஒரு தடவைகூட நேரில் பாராமல் அவரைச் சிநேகிதர் என்று சொல்லலாமா? நமது பங்கிலுள்ள வாலிபர்களைக் கேட்டால், தாராளமாகச் சொல்லலாம் என்பார்கள். அவர்களுடைய பெற்றோரைக் கேட்டால், அதெல்லாம் ஆபத்து என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இரு தரத்தாரும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றை உண்கிறவர்கள்தான். ஆனால் இந்த விஷயத்தை மட்டும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ஆகையால் இந்த வாரம் நாம் அதைப் பற்றிச் சற்று யோசிப்போம்.

விஷயம் அற்பமானதல்ல. புது வருஷத்திலோ, பரீட்சை முடிவு வந்த கையோடோ, தங்கள் வாழ்வில் செய்து முடிக்கவேண்டியவை என்று பிள்ளைகள் நோட்டில் எழுதிவைக்கிறார்கள். நிரந்தர உத்தியோகம், சொந்த வீடு, தங்கையின் கலியாணம், அப்பாவின் கடன் என்று வரிசையாகப் போகும் அந்தப் பட்டியலில், 'இன்னாரை ஒரு நாள் நேரில் பார்க்கவேண்டும்' என்ற வரியும் இப்போது சேர்ந்திருக்கிறது. அந்த இன்னார் கோயம்புத்தூரிலோ, கொழும்பிலோ, துபாயிலோ இருப்பவர். கைபேசியில் அறிமுகமாகி, இரண்டு மூன்று வருஷமாகத் தினந்தோறும் எழுதியும் பேசியும் பழகியவர். பரீட்சைக்கு முந்தின இரவு தைரியம் சொன்னவரும் அவர்தான். வீட்டிலுள்ளவர்களுக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது.

பெற்றோரே, இதைக் கேட்டு நீங்கள் திகைக்கவேண்டியதில்லை. அம்பத்தூரில் 1949-ல் சைக்கிள் கம்பெனி வந்தது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு எத்தனை குடும்பங்கள் தென் ஜில்லாக்களிலிருந்தும், கேரளத்திலிருந்தும், வடக்கேயிருந்தும் இங்கே வந்து குடியேறின! முன்பின் அறியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, ஊரிலுள்ள பங்குச் சாமியாரோ உறவினரோ கொடுத்த கடிதத்தை நீட்டித்தான் பலர் தங்க இடம் பெற்றார்கள். கடிதத்திலேயே சம்பந்தம் பேசி, கலியாணத்தன்றுதான் சம்பந்தியின் முகத்தைப் பார்த்த குடும்பங்களும் உண்டு. பத்திரிகைகளில் 'பேனா நண்பர்கள்' என்று விலாசம் அச்சிட்ட காலமும் உங்களுக்கு மறந்திராது. முகம் பாராத பழக்கம் நமக்குப் புதிதல்ல. அந்தக் கடிதத்தில் தெரிந்த ஒருவருடைய கையெழுத்து இருந்தது என்பதுதான் வித்தியாசம். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

தமிழர் இதைப் பற்றி வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். திருக்குறளில் 79-ம் அதிகாரம் நட்பு. அதில், ஒன்றாய்ச் சேர்ந்திருப்பதும் நெருங்கிப் பழகுவதும் நட்புக்குக் கட்டாயமல்ல, ஒத்த உணர்வே போதும் என்ற கருத்துள்ள ஒரு குறள் வருகிறது. அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் உதாரணமாகக் காட்டுவது கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும். சோழன் உறையூரில் ஆண்டவன். ஆந்தையார் பாண்டிநாட்டுப் பிசிர் என்ற ஊர்ப் புலவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. தன் புதல்வர்களோடு ஏற்பட்ட பகையால் மனமுடைந்த சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் வையுங்கள் என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. அவரோ வந்தார். அவர்கள் உயிரை விட்ட விதம் நாம் பின்பற்றத் தக்கதல்ல. உயிர் நம்முடைய சொத்தல்லவே. ஆயினும் செல்வ காலத்தில் வராதவர் துன்ப காலத்தில் வந்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஆந்தையாரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இத்தனை வயதாகியும் தலை நரைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு, மனைவி மக்கள் நற்குணமுள்ளவர்கள், ஏவலரும் அரசனும் நல்லவர்கள், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள், அதனால்தான் என்று காரணம் சொன்னாராம். வீட்டிலும் ஊரிலும் குறையில்லாத மனிதருக்குத்தான் தூரத்திலும் ஒரு சிநேகிதர் இருந்தார். வீட்டில் பேச ஆளில்லை என்பதற்காகத் தூரத்தில் தேடினவரல்ல அவர். இது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒரு கேள்வி.

நட்பு என்ற அதிகாரத்தை அடுத்து வள்ளுவர் 80-ம் அதிகாரமாக வைத்திருப்பது 'நட்பாராய்தல்'. ஆராய்ந்து பாராமல் நட்புக் கொள்ளாதே என்பது அதன் சாரம். முந்தின அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்கள்தான் பிறகு கண்ணீர் வடிக்கிறார்கள்.

சரி, எப்படி ஆராய்வது? முகம் பாராதவரை எப்படிப் போய்ச் சந்திப்பது? இதற்கு அர்ச். சின்னப்பரைப் போல நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. இப்போது பவுல் என்று வாசிக்கிறோமே, அவர்தான்.

சின்னப்பர் உரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தைப் பூசையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதை எழுதினபோது அவர் உரோமாபுரியைக் கண்ணால் கண்டதேயில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சபையை அவர் ஸ்தாபிக்கவுமில்லை. சுமார் 57-ம் ஆண்டில் கொரிந்து பட்டணத்தில் இருந்துகொண்டு, முகம் தெரியாத ஒரு கூட்டத்தாருக்கு அவ்வளவு நீண்ட கடிதத்தை எழுதினார். அதன் 15-ம் 16-ம் அதிகாரங்களை இன்றிரவு குடும்பமாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். வேத சாஸ்திரம் படித்தவர்கள் முந்தின அதிகாரங்களுக்கு அதிக மதிப்புக் கொடுப்பார்கள். நமக்கு இன்று வேண்டியது இந்தக் கடைசி இரண்டும்தான்.

உங்களைப் பார்க்கவேண்டுமென்று பல வருஷமாய் எனக்கு ஆசை, ஆனால் தடைகள் வந்தன என்று முதலில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுகிறார். அடுத்தபடியாகத் தம் வாழ்வின் குறிக்கோள் என்ன என்பதைச் சொல்லுகிறார். அவர் போக விரும்பியது ஸ்பெயின் தேசத்துக்கு. போகிற வழியில் உரோமாபுரியில் இறங்கி, உங்களோடு கொஞ்ச காலம் இருந்து மகிழ்ந்து, உங்கள் ஒத்தாசையோடு மேலே போக நினைக்கிறேன் என்கிறார். சிநேகிதரைச் சந்திப்பது அவருடைய திட்டத்தில் ஓர் ஆசையாக இருந்தது. திட்டம் முழுவதும் அதுவல்ல. அவர்களிடமிருந்து தமக்கு என்ன வேண்டும் என்பதையும் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். பின்னால் ஒருவருக்கும் மனத்தாங்கல் வர இடமில்லை.

இதைவிட முக்கியமான இடம் அடுத்து வருகிறது. கொரிந்திலிருந்து பார்த்தால் உரோமாபுரி மேற்கே இருக்கிறது. ஆனால் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கைப் பணம் அவர் பொறுப்பில் இருந்தது. அதை யெருசலேமில் ஒப்படைக்கவேண்டும். யெருசலேம் கிழக்கே. ஆசை மேற்கே இழுக்க, கடமை கிழக்கே இழுத்தது. அவர் முதலில் கிழக்கே போனார். வாலிபர்களே, படிப்பை நடுவில் விட்டு, அல்லது அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடைத்த வேலையை ராஜிநாமா செய்து, கைபேசிச் சிநேகிதர் இருக்கும் ஊருக்குப் போய் 'அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று புறப்பட நினைக்கும்போது, இந்தக் கிழக்கு மேற்கு கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உண்மையான சிநேகிதர் உங்கள் கடமை முடியும்வரை காத்திருப்பார். உரோமாபுரியார் மூன்று வருஷம் காத்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைக் கொண்டுபோக நியமிக்கப்பட்டவள் பெபா என்னும் சகோதரி என்று வேத பண்டிதர் சொல்லுகிறார்கள். கொரிந்துக்குப் பக்கத்துத் துறைமுகமாகிய கெங்கிரேயா சபையில் ஊழியம் செய்தவள். அவளை ஏற்றுக்கொள்ளுங்கள், பலருக்கும் எனக்கும் உதவி செய்தவள் என்று சின்னப்பர் சிபாரிசு எழுதுகிறார். பிறகு உரோமாபுரியில் இருக்கிற தமக்குத் தெரிந்தவர்கள் இருபது பேருக்கு மேல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பிரிஸ்காளும் ஆக்கிலாவும் அவர்களில் முதல்வர்கள். கொரிந்தில் அவரோடு ஒரே வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்தவர்கள். இந்தப் பெயர்களை வாசிக்கும்போது நமக்குச் சலிப்பாயிருக்கலாம். ஆனால் உரோமாபுரியார் இந்தச் சின்னப்பர் எப்படிப்பட்டவர் என்று அறிய விரும்பினால், போய் விசாரிக்க இருபது வீடு இருந்தது! மேலே சொன்ன கையெழுத்து இதுதான். உங்கள் கைபேசிச் சிநேகிதரை உங்களுக்கு முன் அறிந்த ஒருவரையாவது நீங்கள் விசாரிக்க முடியுமா? அவர் படித்த கல்லூரி, வேலை செய்யும் இடம், அவருடைய பங்கு, அண்ணன் தங்கை என்று உயிருள்ள மனிதர் ஒருவராவது உண்டா? மூன்று வருஷப் பழக்கத்தில் அப்படி ஒருவரும் தென்படவில்லையானால், அது பழக்கமல்ல, ஒரு படத்தோடு பேசியதுதான்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். யெருசலேமில் கைதானார், செசாரேயாவில் இரண்டு வருஷம் சிறை, கப்பல் உடைந்து மால்தா தீவில் மூன்று மாதம். கடைசியில் இத்தாலியக் கரையில் புத்தேயோலியில் இறங்கி அங்கே ஏழு நாள் தங்கினார். அதற்குள் செய்தி உரோமாபுரிக்கு எட்டிவிட்டது. அவர்கள் வந்தார்கள். சிலர் முச்சத்திரம் என்ற இடம்வரை, சிலர் இன்னும் தூரத்து அப்பியு சந்தைவரை எதிர்கொண்டு வந்ததாக அப்போஸ்தலர் நடபடி 28-ம் அதிகாரம் சொல்லுகிறது. அப்பியு சந்தை உரோமாபுரியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் போவதைவிட அதிக தூரம். இரயிலில்லை, பஸ்ஸில்லை. வருகிறவரோ கைதி, காவலுக்கு நூற்றுவர் தலைவன் இருக்கிறான். அவரால் ஒரு காசு லாபமில்லை, வம்பு வேண்டுமானால் வரலாம். அவர்களைக் கண்டதும் சின்னப்பர் தேவனுக்கு நன்றி செலுத்தித் தைரியமடைந்தார். எத்தனையோ சிறைகளையும் புயல்களையும் கண்ட மனிதருக்கே, எழுத்தில் அறிந்தவர்களின் முகத்தை நேரில் கண்டபோதுதான் தைரியம் வந்தது. ஆகையால், கைபேசியில் பேசினால் போதாதா, நேரில் என்ன அவசியம் என்று கேட்காதீர்கள். அவசியம் உண்டு.

சிறுமலர் தெரேசம்மாளின் வாழ்விலும் இப்படி இரண்டு சிநேகிதம் வந்தன. 1895-ல் பெல்லியேர் என்ற குருமாணவர், தமக்காக ஜெபிக்க ஒரு சகோதரி வேண்டுமென்று லிசியே மடத்துக்கு எழுதினார். தாயார் தெரேசம்மாளை நியமித்தார். அடுத்த வருஷம் சீனத்துக்குப் போகவிருந்த ருல்லான் சுவாமியாருக்கும் அவளையே நியமித்தார்கள். ருல்லானை 1896 ஜூலையில் ஒரு தடவை, அதுவும் கம்பிக்கு அப்பால், பார்த்தாள். அவர் போன சீன மாகாணத்தின் படத்தைத் தான் வேலை செய்யும் அறைச் சுவரில் மாட்டிக்கொண்டாள். பெல்லியேரைப் பார்க்கவேயில்லை. அவர் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது 1897 செப்டம்பர் 29. அவள் மரித்தது மறுநாள். பெல்லியேர் தம் பழைய குறைகளையெல்லாம் கூச்சத்தோடு எழுதினார். அவள் அதனால் அவரைத் தாழ்வாக எண்ணவில்லை. மனதைத் திறந்து எழுதிய அந்தக் கடிதங்கள் யாவும் மடத்துத் தாயாருக்குத் தெரிந்தே போய்வந்தன. வீட்டாருக்குத் தெரிந்தால் சிநேகத்தின் ருசி போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இனி மறுபக்கத்தையும் சொல்லியாகவேண்டும். ஏமாற்றுகிறவன் சின்னப்பர் செய்ததற்கு நேர் எதிராகச் செய்வான். யாரிடமும் சொல்லாதே என்பான். நாளைக்கே வா, இன்றிரவே பணம் அனுப்பு என்று துரிதப்படுத்துவான். முகம் காட்டச் சொன்னால் கைபேசியில் காமிரா பழுது என்பான். அனுப்பிய பரிசு சுங்கத்தில் நிற்கிறது, கட்டணம் கட்டு என்பான். அல்லது சேர்ந்து முதல் போடலாம், இரட்டிப்பாகும் என்பான். வேலை வாங்கித் தருகிறேன் என்பதும் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் நாட்டு வாலிபர்கள் பலர் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பக்கம் கொண்டுபோகப்பட்டு அடைபட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களைக் கொண்டு செய்விக்கும் வேலை என்ன தெரியுமா? பொய்ப் பெயரிலும் பொய்ப் படத்திலும் உலகத்தாரோடு இனிக்க இனிக்கச் சிநேகம் பேசிப் பணம் கறப்பது. மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. ஆகவே நள்ளிரவில் உங்கள் மகளோடு தேனாய்ப் பேசுகிறவன் கொடியவனாயிருக்கலாம். அல்லது ஒரு தாய் எங்கோ அழுது தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். இதை அறிந்தபின் கோபத்தோடு இரக்கமும் வருகிறதல்லவா? இரக்கம் வரட்டும், பணம் போகவேண்டாம். ஒருவேளை போய்விட்டால், வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைத்துவைக்காமல் அந்த மணியிலேயே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நம் பக்கத்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி முதல் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தைச் சேர்ந்தவை. முறையீட்டுக்கு நகரத்துக்குள் அலையவேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் ஒரு நாள் அடுப்படியில் வந்து நின்று, "அம்மா, எனக்கு ஒரு சிநேகிதி இருக்கா, திருநெல்வேலிப் பக்கம். போன்லதான் பழக்கம். அவளப் பாக்கணும்" என்று சொன்னால், அவள் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள். அப்போது நீங்கள் கைபேசியைப் பிடுங்கினால், அடுத்த தடவை அவள் உங்களிடம் சொல்லமாட்டாள். ஆனால் பார்க்கப் போவாள். "அவ அம்மாகிட்ட நான் ஒரு தடவ பேசறேன், நம்பர் குடு" என்று சொல்லுங்கள். அந்த அம்மாளும் இதே பயத்தோடு அங்கே உட்கார்ந்திருப்பார். இரண்டு தாய்மார் கால் மணி நேரம் பேசினால் எத்தனையோ பொய் வெளுத்துவிடும், மெய்யும் நிலைபெற்றுவிடும். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை தனியே போகவே வேண்டாம். தகப்பனாரோ அண்ணனோ கூடப் போகட்டும்.

வயது வந்தவர்களும் முதல் சந்திப்பைப் பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் வைத்துக்கொள்வது நலம். அதற்கு முன் ஒரு தடவையாவது வீடியோவில் முகம் பார்த்துப் பேசியிருக்கவேண்டும். லாட்ஜும் வேண்டாம், புறவழிச்சாலை ஓரத்துத் தோட்ட வீடும் வேண்டாம். திரும்பிவரும் செலவு உங்கள் கையில் இருக்கட்டும்; எந்த இரயிலில் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். சிநேகிதர் இங்கே வருவதானால், ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வளாகத்துக்கே வரச்சொல்லி, வீட்டுக்கு அழைத்துவந்து சாப்பாடு போடலாம். எந்த மதத்தவரானால் என்ன, நாலு பேர் முன்னிலையில் வரச் சம்மதிக்கிறவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். தென் ஜில்லா அரசு பஸ்கள் பெரும்பாலும் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டில் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால், இருவரும் இரண்டு இடத்தில் நின்று முதல் நாளே மனஸ்தாபம் வரும்.

சந்தித்தபின் ஏமாற்றமாயிருந்தால்? கெட்ட எண்ணமுள்ளவரானால் உடனே எழுந்து வந்துவிடவேண்டியதுதான், முகத்தாட்சணியம் வேண்டாம். ஆனால் பெரும்பாலும் நேருவது அதுவல்ல. எழுத்தில் அத்தனை கெட்டிக்காரராயிருந்தவர் நேரில் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பார். உயரம் குறைவாயிருப்பார். சட்டை கசங்கியிருக்கும். சிரிப்பு நாம் நினைத்தபடி இருக்காது. கொரிந்தியரில் சிலர் சின்னப்பரைப் பற்றியே இந்தக் குறை சொன்னார்கள்: கடிதத்தில் பார்த்தால் பெரிய வீரர், ஆள் வந்து நின்றால் ஒன்றுமில்லை, பேச்சும் சுகமில்லை என்று. அவர் அதைக் கேள்விப்பட்டு, தம் இரண்டாம் நிருபத்தில் எழுதியும் வைத்தார். ஆகையால் ஆவடி நிலையத்துப் பெஞ்சில் இருவரும் பேச்சு வராமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தால், அதை வைத்து மூன்று வருஷத்தை எடைபோட்டுவிடாதீர்கள். எழுந்துபோய் இரண்டு காப்பி வாங்கிவாருங்கள். அரக்கோணம் வண்டி ஒன்று போனால் இன்னொன்று வரும்.